சுலைஹா மிஸ் நின்ற இடம்

அன்று நான் "இருங்கோ மிஸ்" என்று சொல்லவில்லை.

படலையைத் திறந்துகொண்டு வந்து முற்றத்தில் நின்றவருக்கு, விறாந்தையில் இரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடப்பது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. வாக்காளர் பதிவுக்கு வருகிற உத்தியோகத்தருக்குக்கூட எங்கள் வீட்டில் முதலில் சொல்லும் சொல் அதுதான். நான் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு வருடங்களுக்கு மேலாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். ஒரு நாள்கூட அந்தக் கதிரைகளில் உட்காரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், நான் வேலை செய்யும் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. எங்கள் பகுதிக் கிளினிக்கில் வேலை செய்யும் பெண் பேசினாள்.

"அக்கா, சுலைஹா மிஸ் மௌத்தாப் போயிட்டாவாம். விடியத் தொழ எழும்பினவ, நெஞ்சு நோகுது எண்டவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தி முடிஞ்சுதாம். பகல் தொழுகையோட அடக்கமாம் அக்கா."

"ஓம்" என்றேன். கையிலிருந்த புத்தகத்தை எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்பது மறந்துபோனது. அதை மேசையிலேயே வைத்துவிட்டு விடுமுறைக் கடிதம் எழுதினேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சல்லியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிள்ளை பெற்றவர்களின் வயிற்றை அளந்த கை அவருடையது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து, பட்டினத்தையும் தாண்டி, ஸ்கூட்டியில் வருவார். வெள்ளைச் சீருடை, தலையைச் சுற்றிய வெள்ளைத் துணி, தோளில் ஒரு நீலப் பை. மீன் காயப்போட்டிருக்கும் கரையோரப் பாதையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், இரும்புச்சத்துக் குளிசையைப் போடாமல் ஒளித்துவைத்த கர்ப்பிணிகளும் சோற்றுக்குப் பதில் கடைப் பணிஸ் தின்று பசியாறியவர்களும் வீட்டுக்குள் ஓடுவார்கள்.

"ஓடுங்க, ஓடுங்க" என்று ஸ்கூட்டியில் இருந்தபடியே சொல்வார். "நீங்க ஓடினா வயித்துப் புள்ளையும் சேந்து ஓடுது. அதுக்கிட்டக் கேட்டுக்கிறன்."

'சொல்ல' என்பது அவர் வாயில் 'செல்ல' என்றுதான் வரும். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை எல்லோருக்கும் நினைவிருக்கும்: "வயித்துப் புள்ளைக்கு வாயில்ல. அது செல்ல வேண்டியத நான்தான் செல்லணும்."

நான் திருமணமாகிச் சல்லிக்கு வந்த அடுத்த வருடம் என் முதல் பிள்ளை வயிற்றில் தங்கியது. அப்போது நான் கறுக்கத் தொடங்கினேன். வெயிலில் கறுப்பது போல அல்ல. விரல் மூட்டுகளும் உள்ளங்கை ரேகைகளும் பழைய காயத் தழும்புகளும் கறுத்தன. ஒருநாள் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். முரசிலும், பல் ஈறிலும், கறுப்புத் திட்டு.

"பொடியன்தான்" என்றார் மாமி, கணவரின் தாய், மிகுந்த சந்தோசத்தோடு. "பொடியன் எண்டால் தாயைக் கறுப்பாக்கிப்போட்டுத்தான் வருவான். சுதாகர் வயித்தில இருக்கேக்க என்னை என்ர தாய்க்கே அடையாளம் தெரியேல்லை."

மூன்று மாதத்தில் நிற்கும் என்று எல்லோரும் சொன்ன மசக்கைச் சத்தி ஐந்தாம் மாதத்திலும் நிற்கவில்லை; உண்டதெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. சாப்பாட்டில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ருசித்தது, உப்பு. தேசிக்காய் ஊறுகாயின் தண்ணீரைக் கரண்டியால் அள்ளிக் குடித்தேன். கரையில் பாயில் காயும் கீரி மீனில் ஒன்றை, யாரும் பார்க்காத நேரத்தில், அப்படியே வாயில் போட்டுச் சூப்பினேன். நூலகத்துக்குப் போகும்போது கைப்பையில் உப்புக்கல்லைக் கடதாசியில் மடித்து எடுத்துப்போனேன். வாசகர் எவரும் மேசைக்கு வராத வேளையில் ஒரு கல்லை நாக்கில் வைப்பேன். தலை தெளியும். அடுத்த ஒரு மணித்தியாலம் வேலை செய்ய முடியும். என் உடம்பு தனக்குத் தேவையானதைக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒரு கெட்ட பழக்கமாக நினைத்து மறைத்தேன்.

மாமி பார்த்துவிட்டார். அடுத்த முறை சுலைஹா மிஸ் வந்தபோது, "மிஸ், இவள் உப்பை மாடு மாதிரி நக்குறாள்" என்று முறையிட்டார்.

அப்போதெல்லாம் மிஸ் எங்கள் விறாந்தையில் வலது பக்கக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மாமி சொன்னதைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகள், இது விளையாட்டில்ல" என்றார் என்னிடம். "எனக்குத் தந்த முதல் ஏரியாவுல ஒரு புள்ள. ஒங்கட வயசுதான். கால் வீங்கி, முகம் வீங்கி, பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, எண்ட கையிலதான் போனா. அவவும் கருவாடு கருவாடெண்டுதான் திண்டவ. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல்ல."

என் பிரஷரைப் பார்த்தார். தொண்ணூறுக்கு அறுபது. "குறைவுதான். சின்ன உடம்பு, அப்பிடித்தான் இரிக்கும். உப்ப விட்டா இப்பிடியே நல்லா இரிக்கும்" என்றார். என் கிளினிக் அட்டையை வாங்கி, மடியில் வைத்து, தனது உருண்டை எழுத்தில் எழுதினார்: உப்பு, கருவாடு, ஊறுகாய் முற்றாக நிறுத்தவும். கீழே கையொப்பம்.

மாமி உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது. அவர்கள் இருவரும் என்னையும் பிள்ளையையும் காப்பாற்றுவதற்காகவே அதைச் செய்தார்கள் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. அதன் பின் இரண்டு நாள் வயிற்றோட்டம். மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் வாளியோடு விழுந்தேன். அதன் பிறகு எனக்கு நினைவிருப்பவை துண்டு துண்டானவை. அம்புலன்ஸின் கூரை. யாரோ என் கன்னத்தில் தட்டுவது. மீதியை என் கணவர் சுதாகர் பின்னர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பிடிபடவில்லை. ஒரு கையில் சேலைன் ஏற்றியும் ஏறவில்லை. கிருமி பரவியிருக்கலாம், சத்தியாலும் வயிற்றோட்டத்தாலும் நீர் வற்றியிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்களாம். இளம் டொக்டர் மாமியிடம் கேட்டிருக்கிறார், "இதுக்கு முதல் ஏதாவது வித்தியாசமா இருந்ததா அம்மா?"

"ஒண்டும் இல்லை டொக்டர். மசக்கைதான்" என்று மாமி சொல்லியிருக்கிறார்.

செய்தி கேட்டு அப்போதுதான் வாட்டுக்குள் வந்த சுலைஹா மிஸ், சுவரோரம் நின்றவர், முன்னுக்கு வந்தாராம். டொக்டர்கள், தாதிமார், பக்கத்துக் கட்டில் நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"சேர், ஒரு விசயம் இரிக்கு. இந்தப் புள்ள உப்புத் திண்டவ. சும்மா இல்ல, கல்லுக் கல்லாத் திண்டவ. நான்தான் நிப்பாட்டினன். பதினாலு நாளாகுது. பிழை எண்டா அது எண்ட பிழை. அட்டையில இரிக்கு, பாருங்க."

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. நினைவின் துண்டுகளில் அதுவும் ஒன்று. "எண்ட பிழை" என்பது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

டொக்டர் அட்டையைப் பார்க்கவில்லையாம். என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாராம். உதட்டை விலக்கி முரசைப் பார்த்தாராம். பிறகு ஓடிப்போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிவந்தார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியை ஏற்றினார்கள். அன்று மாலைக்குள் நான் கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன்.

பிள்ளையின் இதயம் அதற்கு முன்பே நின்றிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பெற்றேன். மாமி சொன்னது போல ஆண் அல்ல. பெண்.

எனக்கு வந்திருந்த நோயைப் பற்றிப் பிறகு நிறைய வாசித்தேன். வாசிப்பது என் தொழிலோடு வந்த பழக்கம். துக்கத்திலும் அதைத்தான் செய்யத் தெரிந்தது. சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. என் உடம்பு தன்னுடையவற்றைத் தானே பகைத்து அழித்துக்கொண்டிருந்தது. அவை சுரக்கும் ஹோர்மோன்களில் ஒன்று, கோர்ட்டிசோல், காய்ச்சலையும் களைப்பையும் பயத்தையும் தாங்கும் சக்தியைத் தருவது. இன்னொன்று, அல்டொஸ்டிரோன், உடம்பிலிருந்து உப்பு வெளியேறாமல் பிடித்துவைப்பது. கர்ப்ப காலத்தில் இரண்டுமே வழமையைவிட அதிகம் தேவை. பிள்ளைக்கு ஊட்டம் தரும் சூல்வித்தகமே தாயின் சுரப்பிகளை இன்னும் இன்னும் என்று தூண்டும் ஹோர்மோனை அனுப்புகிறது. அதே சூல்வித்தகம் தாயின் கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிப் பிள்ளையை அடையாதபடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கவும் வைக்கிறது. கேட்பதும் அதுதான், தடுப்பதும் அதுதான். என் சுரப்பிகளால் கொடுக்க முடியவில்லை. உப்பைப் பிடித்துவைக்க ஆளில்லாத உடம்பு, வெளியே இருந்து உப்பைத் தின்று தின்று தன்னை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

உப்பை நிறுத்தாமல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று பெரிய டொக்டரிடம் கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். "எப்படியும் ஒருநாள் விழுந்திருப்பீங்கள். எப்ப எண்டு சொல்ல ஏலாது. ஆனால் அவ அண்டைக்கு அதைச் சொல்லியிராட்டில் நாங்கள் சேலைனை மட்டும் ஏத்திக்கொண்டு இருந்திருப்பம்" என்றார். அந்தப் பதிலில் 'எப்ப எண்டு சொல்ல ஏலாது' என்பதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். உப்பு நிறுத்தவும் என்ற வரியின் மேல் ஒரு கோடு. அதன் கீழே அதே உருண்டை எழுத்து: இது தவறு. எழுதியது நான். மீண்டும் கையொப்பம். "விடுங்க மிஸ், இதெல்லாம் ஏன் எழுதுறீங்க?" என்று தாதி ஒருவர் தடுத்தாராம். "அட்டைய வாசிக்கிற அடுத்த ஆளுக்குத் தெரியணுமே" என்றாராம் இவர். பிள்ளை இறந்தது பற்றிப் பிறகு நடந்த விசாரணையிலும் இதையேதான் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

பிள்ளையை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து வந்த ஒரு பின்னேரத்தில்தான் அவர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். கையில் ஒரு பை உப்பு. நிலாவெளிப் பக்கத்து உப்பு, கல்லாகவே இருந்தது.

"மகள்" என்றார்.

நான் விறாந்தையில் கையில் ஒரு புத்தகத்தோடு நின்றேன்.

"என்னய ஏசுங்க. நாலு வார்த்த ஏசிப் போடுங்க. ஒண்டும் கதைக்காம மட்டும் நிக்காதீங்க."

நான் ஒன்றும் கதைக்கவில்லை. கோபத்தைக் கத்தித் தீர்க்கும் குணம் எனக்கு இல்லை. அது ஒரு நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உப்புப் பையைப் படியில் வைத்தார். ஸ்கூட்டி போகும் சத்தம் கரைவரை கேட்டது. மாமிதான் உப்பை எடுத்துக் குசினியில் வைத்தார். அலுமாரித் திறப்பை அவர் ஏற்கெனவே எங்கோ எறிந்திருந்தார்.

ஒரு வருடம் போனது. நான் தினமும் மூன்று வேளை குளிசை போட்டுக்கொண்டு, உப்பைத் தேவையான அளவு தின்றுகொண்டு, வேலைக்குப் போய்வந்தேன். மறுபடி வயிற்றில் பிள்ளை தங்கியது. அவர்தான் எங்கள் பகுதி மருத்துவமாது. வரத்தான் வேண்டும். வந்தார்.

விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றபடி என் பிரஷரைப் பார்த்தார். நின்றபடியே குளிசைகளை எண்ணினார். கொப்பியைத் தூணில் வைத்து எழுதினார். ஒருநாள் மாமி பொறுக்க முடியாமல், "இருங்கோவன் மிஸ், கால் நோகப்போகுது" என்றார்.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் பிரஷர் கருவியின் பட்டி கட்டியிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேல கிடக்கு அக்கா. இருந்தா எழும்ப மனம் வராது" என்றார்.

மற்ற வீடுகளில் அவர் உட்கார்ந்தார். அதை நான் கண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் அவர் காலை நீட்டி உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். நோன்பு மாதத்திலும் வந்தார். சித்திரை வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காத உடம்போடு, எங்கள் தூணடியில் நின்று என் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார். அன்றும் நான் சொல்லவில்லை. ஒரு சொல்லை நெடுங்காலம் சொல்லாமல் வைத்திருந்தால், அதை எந்த நாளில் எப்படி எடுத்துச் சொல்வதென்று தெரியாமல் போய்விடுகிறது. என் கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் வர மறுத்தது.

மூன்றாம் மாதத்தில் சத்தி தொடங்கியபோது அவர் சுதாகரை முற்றத்தில் நிறுத்தி ஊசி போடப் பழக்கினார். குளிசையைச் சத்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும், அதையும் எடுத்தால் ஊசி, அதன் பிறகு ஆஸ்பத்திரி. இதுதான் பாடம். பழகுவதற்கு ஒரு தோடம்பழம். சுதாகர் படகு இயந்திரம் திருத்துகிறவர். இரும்பைக் கழற்றிப் பூட்டுகிற அந்தக் கைகளில் ஊசி இரண்டு முறை வளைந்தது. மூன்றாவது குத்தில் முகம் வெளிறி நிலத்தில் குந்திவிட்டார்.

"அல்லாஹ்! தோடம்பழத்துக்கே இப்பிடியா?" என்றார் மிஸ். "தம்பி, ஒங்கட எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கிறீங்களே, அதே மாதிரித்தான். எழும்புங்க. தோடம்பழம் அழல்ல, நீங்க ஏன் அழுறீங்க?"

மாமி சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டு மிஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே தோடம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் என் நோயைப் பற்றி என்னைப் போலவே, என்னைவிட விடாப்பிடியாக, கற்றுக்கொண்டிருந்தார் என்பது ஒரு கிளினிக் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. கர்ப்பிணிகள் இருபது பேரளவில் மண்டபத்தில் இருந்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டார்.

"இது சிறுநீரகத்துல இரிக்கிற கதிரை. இதுல அல்டொஸ்டிரோன் எண்ட ஆள் வந்து இருந்தாத்தான் உப்ப வெளிய போகாமப் புடிப்பாரு. வயித்துல புள்ள வந்தா வேற ஒருத்தி வாறா. புரொஜெஸ்டிரோன். அவ வந்து இந்தக் கதிரையில குந்திக்கிறா. அவக்கிட்ட வேற வேல இரிக்கு, புள்ளயத் தங்க வைக்கிறதே அவதான். ஆனா இந்தக் கதிரையிலயும் குந்துறா. இங்க ஒரு வேலையும் செய்யமாட்டா, எழும்பவும் மாட்டா."

"எங்கட மச்சாள் மாதிரி!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. மண்டபமே சிரித்தது.

"ஓம், ஒங்கட மச்சாள் மாதிரித்தான். அப்ப என்ன செய்யணும்? மத்த ஆள் தன்னப் போல பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வரணும். அப்பதான் எப்பிடியும் கதிரை கிடைக்கும். சுகமான உடம்பு கூட்டிக்கிட்டு வரும். கூட்டிக்கிட்டு வர ஏலாத உடம்பும் இரிக்கு. ஆயிரத்துல ஒண்டோ, அதையும் விடக் குறைவோ. அந்தப் புள்ள கறுக்கும், மெலியும், சத்தி நிக்காது, தலை சுத்தும், உப்புக் கேக்கும். அப்பிடி ஒரு புள்ளயக் கண்டா ஏசாதீங்க. என்னிட்டச் செல்லுங்க."

சிரிப்பு அடங்கியிருந்தது.

"நான் ஒருக்கா ஏசினன்" என்றார்.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நடுவில் போட்ட கதிரையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, நின்றபடியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கடைசி மூன்று மாதங்களுக்கு என் குளிசை அளவைக் கூட்டினார்கள். பிரசவத்துக்கு நாள் குறித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அவர் வந்தார். என் இடது முன்கையை நீட்டச் சொன்னார். அழியாத மை கொண்ட தடித்த பேனாவால் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: வலி தொடங்கியதும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி. நிறுத்த வேண்டாம்.

"அட்டை தொலையும். கடதாசி நனையும். கை எங்க போகப்போகுது?" என்றார்.

பிரசவ அறையில் சிங்களத் தாதி ஒருவர் என் கையை வாசித்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் ஊசி மருந்தை எடுத்துவந்தார். மறுநாள் முற்பகலில் மகள் பிறந்தாள். அழுதுகொண்டே பிறந்தாள். என் கையின் எழுத்து அழிய ஒரு வாரத்துக்கு மேல் எடுத்தது. நான் அதைத் தேய்க்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்தபோதும் அவர் நின்றுகொண்டுதான் தூக்கினார். நின்றபடி அப்படியும் இப்படியும் அசைந்தார். "கறுப்புமில்ல வெள்ளையுமில்ல, சரியான நிறம்" என்றார். ஒவ்வொரு மாதமும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்துப் பார்த்தார். கிளினிக்கில் நிறுத்தால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மகளுக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி போட்ட கிழமை, வீட்டுக்கு வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். போகும்போது, "வாற வெள்ளியும் ஒருக்கா எட்டிப் பாக்கிறன்" என்றார். அவர் போனதும் நான் மாமியிடம், "வெள்ளிக்கிழமை மிஸ்ஸை இருக்கச் சொல்லவேணும்" என்றேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அதற்கு முன்பும் பல வெள்ளிக்கிழமைகளை நான் மனத்துக்குள் குறித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான். செவ்வாய்க்கிழமை அந்த அழைப்பு வந்தது.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை அதிகம் இல்லை. ஒரு ஊசிப் பெட்டி. அதன் மூடியில் எந்த அளவு, எப்போது என்று அவர் எழுதி ஒட்டிய துண்டு. அவர் கொண்டுவந்த உப்பில் கடைசியாக மிஞ்சிய ஒரு கைப்பிடி. பிறகு அந்த அட்டை. கோடு போட்ட வரியும், இது தவறு, எழுதியது நான் என்ற வரியும், இரண்டு கையொப்பங்களும். நூலகத்தில் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். ஒருவர் தன் பிழைக்குக் கீழே தன் பெயரை எழுதியதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்த இரண்டாவது வரியை எழுதுமுன் வாட்டில் அவர் வாய்விட்டுச் சொன்னதால்தான் என் உயிர் மிஞ்சியது. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

அன்று நான் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது தொழுகை முடிந்திருந்தது. வீட்டை அடைந்தபோது ஆண்கள் மிஸ்ஸின் ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். எவரையும் எனக்குத் தெரியாது. சுவரோரம் நின்றேன். கண் வீங்கிய ஒரு இளம்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மிஸ்ஸின் மகள். நெற்றி அவருடையதேதான்.

"நீங்க சல்லி ராத்தாவா? லைபிரரியில இரிக்கிற?"

"ஓம்."

"ஒங்கட புள்ளட நிறை எங்க எல்லாருக்கும் மனப்பாடம்" என்றாள். "உம்மா ஒவ்வொரு மாசமும் வந்து செல்லுவாங்க."

அவள் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இருங்க ராத்தா" என்றாள்.

நான் இருந்தேன்.